அந்தத் தொங்கானை என் அப்பாவுக்குத் தெரியும்

சிங்கப்பூர் ஆற்றையும் துறைமுகத்தையும் தீட்டிய ஓவியங்களைக் காத்துவரும் கலைக்கூடக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓர் ஓவியக் காட்சிக்கு அழைத்துப் போனேன். இளவயதில் தொங்கான் என்ற ஆற்றுச் சரக்குப் படகுகளிலும், பிறகு தஞ்சோங் பகார் துறைமுகத்திலுமாக 31 வருஷம் சரக்கு இறக்கியவர். படகுத்துறையை வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"பாதிச் சரக்கு இறக்கியாச்சும்மா."

எப்படித் தெரியும் என்றேன்.

"தொங்கான் எவ்வளவு எழும்பி நிக்குது பாரு. கரைக்குப் போட்ட பலகையப் பாரு, எப்படி ஏறுது! தண்ணி வத்துன நேரம். மூட்டையோட அதுல ஏறுனா முழங்கால் நடுங்கும்."

பக்கத்து அட்டையில் ஓவியர் பெயரும் ஆண்டும் 'காகிதத்தில் நீர்வண்ணம்' என்பதும் ஆங்கிலத்தில் இருந்தன. பலகையில் ஏறுகிறவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஓவியர்களிடம் எனக்குக் குறையே இல்லை. எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் வரைந்த லிம் செங் ஹோ போன்றவர்கள் கரையிலேயே உட்கார்ந்து பார்த்துத் தீட்டினார்கள். அப்படிப் பார்த்ததால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அப்பாவால் அந்தத் தண்ணீரைப் படிக்க முடிகிறது.

ஆற்றைச் சுத்தம் செய்தபோது ஆற்றுப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. நாற்றமடித்த ஆறு சுத்தமானதில் எனக்கு மகிழ்ச்சிதான். இப்போது துறைமுகமே துவாஸுக்கு நகர்கிறது. ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்ற தெலுக் ஆயர் நாகூர் தர்காவுக்கு முன்னால் இன்று கடல் இல்லை. அந்தப் பழைய கரையில் படகோட்டிய சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்களின் பேச்சை அன்று பதிந்துவைக்க ஆளில்லை. நம் காலத்து ஆட்களுக்கும் அப்படி நேர வேண்டாம்.

ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்களை ஓவியங்களுக்கு முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். தமிழில், ஹொக்கியனில், தியோச்சூவில், மலாயில், அவரவர் வேலை செய்த மொழியில். அதைப் பதிந்து, ஓவியத்துக்குப் பக்கத்திலேயே கேட்கும்படி வையுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒலிப்பதிவுக் கருவி, அவசரப்படுத்தாத ஓர் ஆள் போதும்.

அப்பாவுக்கு 84 வயது. மதியம் தூங்கிவிடுவார். காலையில் வந்தால் நன்றாகப் பேசுவார்.

இப்படிக்கு,
ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகள்