எண்ணெய் மட்டும் வேண்டாம்

கிருஷ்ணகிரி
ஞாயிறு

அன்புள்ள செல்விக்கு,

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு சந்தோஷம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய், காலேஜ் நாள் மாதிரி எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வருகிறேன்டி. எண்ணெய் மட்டும் வேண்டாம்.

என் தொடையில் பழுப்புப் புள்ளிகள் இருக்குமே, ஹாஸ்டலில் பார்த்திருப்பாய். தேமல் என்று நினைத்து அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அழுத்தித் தேய்ப்பாள். தேய்த்த இடம் தடித்துச் சிவந்து அரிக்கும். மருந்து பிடிக்கிறது என்பாள், பாவம். அந்தத் தடிப்புதான் இப்போது எனக்கிருப்பதாகத் தெரியவந்த நோயின் அடையாளமாம்.

போன சித்திரையில் மாந்தோப்பில் ஒரே ஒரு குளவி கொட்டியது. முகமெல்லாம் சூடேறி, வயிறு பிரட்டி, கண் விழித்தபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் முகம் சிவப்பது, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று யாரிடம் காட்டினாலும் "உஷ்ணம், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பெங்களூரில்தான் ரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தார்கள். 20-ஐத் தாண்டினாலே சந்தேகம், எனக்கு 46. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் என்று சொன்னார்கள். மாஸ்ட் செல் எல்லார் உடம்பிலும் உண்டு, அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமினைச் சுமந்துகொண்டு காவல் நிற்பது. கிட் என்ற மரபணு மாறிப்போனதால் எனக்கு அது கணக்கில்லாமல் பெருகிவிட்டது. கடி, உராய்வு, வெயில், சில வலி மாத்திரை, எது பட்டாலும் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. "பிள்ளைகளுக்கு வருமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டேன். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

தினமும் அலர்ஜி மாத்திரையும் வயிற்று மாத்திரையும் போடுகிறேன். மாம்பழம் ஒத்துக்கொள்கிறது, பயப்படாதே. கிளிமூக்கு ஒரு கூடை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். என் பையில் சிவப்பு டப்பா இருக்கும். உள்ளே அட்ரினலினும் சிரிஞ்சும், அளவு எழுதிய சீட்டும். நான் சாய்ந்தால் தொடையின் வெளிப்பக்கம் போடு, படுக்கவைத்துக் காலை உயர்த்து, எழுந்து நிற்க விடாதே, 108-ஐக் கூப்பிடு. போடும் விதத்தை வந்ததும் காட்டுகிறேன். அவரும் பெரியவனும் கற்றுக்கொண்டார்கள்; உனக்கும் தெரிந்திருந்தால் எனக்குத் தைரியம்.

காலை 6 மணிக்குத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் பென்னாகரம் தாண்டிவிடலாம்.

உன்,
மல்லிகா