சராசரிப் புள்ளியை மட்டும் பார்த்து வீரரை எடை போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் ட்ராஃப்ட் நெருங்கும் வேளையில், பல்கலைக்கழக வீரர்கள் சிலரைத் தரப்படுத்தித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டிருந்த பட்டியலைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கு அப்பால் எதுவும் அச்சேறாத காலத்தில் தமிழ்ப் பத்திரிகையொன்று இதற்கு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. ட்ராஃப்ட் அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் இலங்கையில் நமக்கு மறுநாள் அதிகாலை ஐந்தரை. அந்தக் குளிரிலும் எழுந்து, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடிப் போய்க் கைத்தொலைபேசியில் பார்க்கும் பிள்ளைகள் ஹட்டன், கொட்டகலைப் பக்கங்களில் இருக்கிறார்கள் என்பதைத் தங்கள் ஆசிரியபீடம் அறிந்திருக்குமோ என்னவோ.

அந்தப் பிள்ளைகள் படிக்கும் பட்டியல் என்பதாலேயே இதை எழுதுகிறேன். வீரரின் பெயருக்கு எதிரே அவரது உயரமும், ஓர் ஆட்டத்துக்கு அவர் பெற்ற சராசரிப் புள்ளியும் மட்டுமே தரப்பட்டிருந்தன. கூடிய புள்ளி பெற்றவர் மேலே, குறைந்தவர் கீழே. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவை மட்டும் பார்த்து, அவர் எடுத்தது நன்றாகத் தளிர்விட்ட மலையிலா, கவ்வாத்துக்குக் காத்துக் கிடக்கும் மலையிலா என்று கேட்காமல் ஆளின் கைத்திறனைத் தீர்மானிப்பதைப் போன்றதுதான் இது.

பல்கலைக்கழக ஆட்டமும் என்.பி.ஏ. ஆட்டமும் பெயரளவில்தான் ஒன்று. முன்னையது 40 நிமிடம், பின்னையது 48 நிமிடம். அங்கே பந்தை எறிய 30 விநாடி அவகாசம் உண்டு, இங்கே 24 விநாடிதான். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று எறிந்து போட்டால் மூன்று புள்ளி) பல்கலைக்கழகத்தில் கூடையிலிருந்து ஏறத்தாழ 22 அடி 2 அங்குலத்தில் இருக்க, என்.பி.ஏ.யில் மூலைகள் தவிர்ந்த இடங்களில் அது 23 அடி 9 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. பல்கலைக்கழகத்தில் எதிராளியைத் தடுக்கும் உயரமான காவலர் ஒருவர் கூடைக்குக் கீழேயே நின்றுகொண்டிருக்கலாம், என்.பி.ஏ.யில் தான் தடுக்க வேண்டிய ஆள் அருகில் இல்லாதபோது மூன்று விநாடிக்கு மேல் அங்கே நின்றால் தண்டனை. இவ்வளவும் மாறும்போது, ஒரு சிறிய பல்கலைக்கழக அணியில் எல்லாப் பந்தும் தன் கைக்கே வரும்படி ஆடிய ஒருவருடைய சராசரி, அடுத்த தளத்தில் அவர் என்ன செய்வார் என்பதற்கு எவ்வளவு சாட்சியாகும்?

இதற்கு நல்ல உதாரணம் இரண்டு பேர். 2008-09 பருவத்தில் டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீபன் கரி ஆட்டத்துக்கு 28.6 புள்ளி பெற்று நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார். இரண்டு வருடம் கழித்து, 2010-11இல், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் 28.9 புள்ளி பெற்று அதே முதலிடத்தைப் பிடித்தார். இருவரும் வெகுதூரத்திலிருந்து பந்தை எறிவதில் பேர் போனவர்கள், இருவரும் உயரத்தால் யாரையும் மிரட்டாதவர்கள். தங்கள் பட்டியலின் முறைப்படி ஃப்ரெடெட்தான் ஒரு முடி அளவு மேல். ட்ராஃப்ட்டில் கரி 7ஆம் இடத்திலும் ஃப்ரெடெட் 10ஆம் இடத்திலும் தெரிவானார்கள். அதன் பிறகு கரி நான்கு முறை சாம்பியன் அணியில் இருந்து, 2015இலும் 2016இலும் தொடர்ந்து மிகப் பெறுமதிவாய்ந்த வீரர் விருதும் பெற்றார், ஃப்ரெடெட்டுக்கோ என்.பி.ஏ.யில் நிலையான இடம் கிடைக்கவில்லை, சீனாவுக்குப் போய்த்தான் நட்சத்திரமானார்.

புள்ளியை விட்டுவிட்டு மற்றக் கட்டங்களைப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்தக் கடைசிப் பருவத்தில் கரி ஆட்டத்துக்கு 5.6 முறை சக வீரருக்குப் பந்து கொடுத்துப் புள்ளி பெறவைத்தார், 2.5 முறை எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தார். ஃப்ரெடெட்டின் எண்கள் 4.3, 1.3. பந்தைப் பறிப்பது வெறும் கைவேகமல்ல. எதிராளி அடுத்து எங்கே கொடுக்கப் போகிறான் என்பதை அரை விநாடிக்கு முன்னே ஊகிக்கிற கண்ணும், அதற்கு ஈடுகொடுக்கிற காலும் வேண்டும். புள்ளி எடுக்கும் வாய்ப்பைப் பயிற்றுநர் உருவாக்கிக் கொடுக்கலாம், இந்தக் கண்ணை யாரும் கொடுக்க முடியாது. வயதிலும் வித்தியாசம் உண்டு: ட்ராஃப்ட் நாளில் கரிக்கு 21, ஃப்ரெடெட்டுக்கு 22.

வயதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வீரர் ஒருவர் ட்ராஃப்ட் நடக்கும் வருடத்தில் 19 வயதை எட்ட வேண்டும், உயர்நிலைப் பாடசாலையை முடித்து ஒரு பருவமாவது கழிந்திருக்க வேண்டும் என்பது 2006 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆகவே ஒரே பட்டியலில் 19 வயதுப் பிள்ளையும் 22 வயது இளைஞரும் அடுத்தடுத்து நிற்பார்கள். இருவரும் 16 புள்ளி பெற்றிருந்தால் அந்த 16 ஒன்றல்ல; இளையவர் தன்னைவிட மூன்று வயது மூத்த உடல்களுக்கு எதிராக அதைப் பெற்றிருக்கிறார். முதல் சுற்றில் தெரிவாகும் வீரருடன் அணி செய்துகொள்ளும் ஒப்பந்தம் நான்கு பருவம் வரை நீளக்கூடியது என்பதால், அணி வாங்குவது அவருடைய இன்றைய ஆட்டத்தை மட்டுமல்ல, இன்னும் நான்கு வருடத்தில் அவர் ஆகப்போகும் ஆளையும்தான். வயது கூடியவர் என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கிவிடவும் கூடாது. மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு வருடம் முழுவதும் ஆடிவிட்டு வந்த ட்ரேமண்ட் கிரீனை 2012இல் 35ஆம் இடம் வரை யாரும் எடுக்கவில்லை. கரியின் அணியில் தடுப்பாட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர் அவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல், தங்கள் பட்டியலில் மட்டுமன்றிப் பெரும்பாலான பட்டியல்களிலும் இல்லாதது: ஃப்ரீ த்ரோ. எதிரணி தவறு செய்யும்போது யாரும் மறிக்காமல், கோட்டில் தனியாக நின்று எறியும் பந்து அது. பல்கலைக்கழகமானாலும் என்.பி.ஏ.யானாலும் நம் ஊர் சீமெந்துத் திடலானாலும் அந்தக் கோட்டின் தூரம் 15 அடிதான். சூழல் எல்லாம் கழிந்துபோய் வீரரின் கை மட்டும் எஞ்சும் இடம் என்பதால், எறிதல் அடிப்படையில் சரியா என்பதை அங்கேதான் பார்க்கலாம். பல்கலைக்கழகப் பருவம் முப்பத்துச் சொச்சம் ஆட்டங்களோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒருவர் எறியும் மூன்று புள்ளிப் பந்துகள் நூறு, நூற்றைம்பது என்றால், நாலைந்து பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுவதும் வெளியே போவதும் அவருடைய வீதத்தையே புரட்டிவிடும். 2011இல் 15ஆம் இடத்தில் தெரிவான காவாய் லெனார்ட் சான் டியேகோ ஸ்டேட்டில் மூன்று புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு 30கூட உள்ளே போடவில்லை. ஃப்ரீ த்ரோவிலோ அவர் கடைசிப் பருவத்தில் நூற்றுக்கு 75 அளவில் இருந்தார். கை கெட்டதல்ல, திருத்தக்கூடியது என்பதற்கு அது அடையாளம். சான் அன்டோனியோ அணியின் பயிற்றுநர்கள் அதைத் திருத்தினார்கள். 2014இலும் 2019இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவரே. வேறோர் அணிக்குப் போயிருந்தால் இப்படி ஆகியிருப்பாரா என்று கேட்டால், சொல்வதற்கில்லை. எந்த எண்ணும் ஓரளவுக்குத்தான் பேசும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் கரிக்கு முன்னதாக, இரண்டாவது இடத்தில், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஹஷீம் தபீட் தெரிவானார். தன்சானியாவைச் சேர்ந்த இவரின் உயரம் 7 அடி 3 அங்குலம். ஐந்து பருவத்தில் என்.பி.ஏ.யை விட்டு விலகினார். மே மாதத்தில் சிக்காகோவில் நடக்கும் உடற்தகுதிச் சோதனையில் உயரத்தோடு, விரித்த கைகளின் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், பாய்ச்சல் எல்லாம் தனித்தனியே அளக்கப்படுவது உயரம் மட்டும் போதாது என்பதால்தான். அந்தச் சோதனைகளையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை: 2007இல் 185 இறாத்தல் பாரத்தை ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் நின்றவர் கெவின் டுரான்ட்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். இங்கே பாடசாலை அணிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்பவர்களும் இதே பட்டியல் மனத்தோடுதான் திடலுக்கு வருகிறார்கள். நான் உடனிருந்த ஒரு தெரிவில், சுவரில் சோக்கால் ஒரு கோடு கிழித்து, தலை அந்தக் கோட்டை எட்டாத பிள்ளைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். பந்தை வெளியே எடுத்தது அதற்குப் பிறகுதான். ஒதுக்கப்பட்டவர்களில் எவர் கை நீளம், எவருக்கு வயதுப் பிரிவில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று கேட்க யாருமில்லை. நமது வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிப் பேசும்போதுகூட எல்லோரும் அவருடைய உயரத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நெருக்கி நிற்கும் காவலருக்கு மேலாக வரும் பந்தைச் சிந்தாமல் பிடித்து, அதே நிதானத்தோடு வளையத்துக்குள் விடும் அந்தக் கையைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததில்லை. தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ ஒரு பயிற்றுநர் தங்கள் பக்கத்தை வெட்டி அறையில் ஒட்டிவைத்தால், அதில் என்ன எண்கள் இருக்கின்றனவோ அவற்றைத்தான் அவரது பிள்ளைகளும் பெரிதென்று எண்ணுவார்கள்.

ஆகவே, ட்ராஃப்ட்டுக்கு முன் தாங்கள் மீண்டும் பட்டியல் வெளியிடுவதாயின், ஒவ்வொரு வீரருக்கும் பிறந்த திகதி, சராசரியாகத் திடலில் நின்ற நிமிடங்கள், ஃப்ரீ த்ரோ வீதம், பந்து பறித்த எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் வீரர்களின் படங்களைச் சிறிதாக்கலாம். அல்லது பத்துப் பேருக்குப் பதிலாக ஆறு பேரைப் பற்றி எழுதினாலும் எங்களுக்குச் சம்மதமே.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.