கடல் பயணத்திற்கும் பெரட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டதால், எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் தீவுச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவங்கள் பெற்றோர் கைக்கு வரத் தொடங்கியுள்ளன. கட்டணம் எவ்வளவு, மாற்றுடை எத்தனை, மதிய உணவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படகில் மொத்தம் எத்தனை பேர் ஏறுவார்கள், அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்பது மட்டும் இல்லை. மலேசியத் தோட்டப்புறப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த விடுபட்ட விவரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

டைட்டானிக் என்றதும் நம் நினைவுக்கு வருவது பனிப்பாறை. கப்பலை உடைத்தது பனிப்பாறைதான். ஆயினும் ஏறத்தாழ 1,500 உயிர்கள் போனதற்கு, கரையிலேயே தவறவிட்ட ஆள் கணக்கும் ஒரு பெருங்காரணம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குக் கப்பல் பாறையில் மோதியது. மறுநாள் அதிகாலை 2.20க்குத்தான் முழுவதும் மூழ்கியது. இரண்டு மணி நாற்பது நிமிட அவகாசம் இருந்தது. கடலும் அலையின்றி அமைதியாகவே இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். இருபது உயிர்காப்புப் படகுகளிலும் சேர்த்து இருந்த இடமோ 1,178 பேருக்கு மட்டுமே.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. அன்றைய பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் விதி, கப்பலின் டன் அளவைப் பார்த்துப் படகுகளின் எண்ணிக்கையை நிர்ணயித்ததே தவிர, ஏறுகின்ற தலைகளை எண்ணவில்லை. 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்குப் பதினாறு படகு என்று 1890களில் எழுதிவைத்த விதி, 46,000 டன் கப்பல் கடலில் இறங்கிய நாளிலும் மாறாமல் அப்படியே இருந்தது. சட்டம் கேட்டதைவிட நான்கு படகுகள் கூடுதலாகவே டைட்டானிக்கில் இருந்தன.

இருந்த இடங்களாவது நிரம்பினவா என்றால், அதுவும் இல்லை. உயிர் தப்பியவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர்தான். 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு முப்பது பேர்கூட இல்லாமல் இறக்கப்பட்டது. 40 பேருக்கான இன்னொரு படகில் பன்னிருவர் மட்டுமே சென்றார்கள். விளக்கெரியும் பெரிய கப்பலை விட்டுவிட்டு, இருட்டில் கயிற்றில் தொங்கும் சிறு படகில் கால் வைக்கப் பயணிகள் அஞ்சினார்கள். ஆட்களை நிரப்பி இறக்கினால் படகு தாங்குமோ என்று அதிகாரிகள் தயங்கினார்கள். தமக்குரிய படகு எது, எங்கே கூட வேண்டும் என்பது பயணிகளுக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் அவர்களுக்கு ஒருமுறைகூடப் படகுப் பயிற்சி நடக்கவில்லை. அதிக தூரமில்லாத இடத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதன் ஒரே கம்பியில்லாத் தந்திப் பணியாளர், மோதல் நிகழ்வதற்குச் சற்று முன்புதான் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார்.

இதன் விளைவாக 1914 ஜனவரியில் லண்டனில் கையொப்பமானதே கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் அனைத்துலக உடன்படிக்கை. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம், தந்திக் கருவிக்கு இரவும் பகலும் ஆள், வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைக் கண்காணிப்பு ஆகியவை அதன் பிறகே விதிகளாயின. அப்படியும் பாடம் முழுமையாகவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்தா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு இன்னும் பயிற்சி தரப்படவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளைக் கூட்டிப் பயிற்சி தர வேண்டும் என்ற விதி 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கூட்டத்திற்குக் கப்பலில் வழங்கும் ஆங்கிலச் சொல் ‘மஸ்டர்’. தோட்டத்துத் துரைமாரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நாம் அதைப் பெரட்டு என்றோம். என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பாலெடுத்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்க, தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடித்த பிறகுதான், அவரவருக்குரிய மர வரிசையான நிரையைப் பிரிப்பார்கள். அது கூலிக்காகவும் கண்டிப்புக்காகவும் நடந்த கணக்குதான். என்றாலும் இன்று யார் எங்கே நிற்கிறார் என்பது தோட்டத்துக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் காட்டுக்கு வேலைக்குப் போகிறவனை அத்தனை கவனமாக எண்ணிய சமூகத்தில் பிறந்த நாம், கடலுக்குப் போகும் பிள்ளைகளை எண்ணாமல் ஏற்றுகிறோம்.

இதை நான் பிறர்மேல் பழியாகச் சொல்லவில்லை. பணியில் இருந்த கடைசி ஆண்டில் நானும் சக ஆசிரியர்கள் நால்வரும் முப்பத்தெட்டு மாணவர்களைத் தீவொன்றுக்கு அழைத்துச் சென்றோம். உயிர்காப்பு அங்கிகள் பலகை இருக்கைக்கு அடியில் ராஃபியா கயிற்றால் கட்டிக் கிடந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். முப்பது இருந்தன, அத்தனையும் பெரியவர்களுக்கான அளவு. பூஞ்சை படிந்த ஒன்றை எடுத்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கியபோது, அங்கி மட்டும் என் கையோடு வந்தது. குழந்தை அப்படியே நின்றாள். “பத்து நிமிடந்தானே, சிக்கு (ஆசிரியரே)” என்றார் படகோட்டி. நாங்கள் ஏறினோம். பத்திரமாகத் திரும்பியும் வந்தோம். ஆனாலும் அன்று ஏறியது தவறு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 2014 ஏப்ரலில் தென்கொரியாவின் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்த செய்தி வந்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள் என்றும், இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவிக்கப்பட்டது என்றும் படித்துவிட்டு, அன்றிரவு என்னால் உறங்க இயலவில்லை.

அனைத்துலக உடன்படிக்கை பெரும்பாலும் நாடு விட்டு நாடு செல்லும் கப்பல்களுக்கே உரியது. நம் படகுத்துறைகளில் ஓடும் சிறு படகுகளைக் கவனிக்க வேண்டியவர்கள் நம் கடல்துறை இலாகாவினரும், படகு நடத்துநர்களும், பிள்ளைகளை அனுப்பும் நாமும்தான். படகின் ஏற்றளவும், குழந்தைகளுக்கான அங்கிகளின் எண்ணிக்கையும் படகுத்துறையில் கண்ணில் படும்படி தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுதிவைக்கப்பட வேண்டும். அங்கியைக் கரையிலேயே அணிவித்து, இறுக்கிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், படகை ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அனுமதிப் படிவத்தில் சேர்க்க வேண்டுகிறேன். கணக்கு ஒத்துவராவிட்டால் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துவரும் அதிகாரம் உடன்செல்லும் ஆசிரியருக்கு உண்டு என்பதையும், கட்டிய பணம் போயிற்றே என்று அவரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். எனக்கு அன்று அப்படியொரு தாள் கையில் இருந்திருந்தால், படகோட்டியிடம் அதைக் காட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஆயர் தாவார், பேராக்.