மில் நிலத்தை ஏலம் விடும் முன் விதியை எழுதுங்கள்

மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கும், தேசிய பஞ்சாலைக் கழக (என்.டி.சி.) நிர்வாகத்துக்கும், தமிழ்நாடு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கும், கோவை மாநகராட்சிக்கும்,

வணக்கம். நான்கு பேருக்கும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிடுவீர்கள் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நிலம் என்.டி.சி.யுடையது, கொள்கை முடிவு டெல்லியுடையது, கட்டட அனுமதி சென்னையுடையது, வாசலில் தேங்கும் குப்பை மட்டும் மாநகராட்சியுடையது.

2020 மார்ச் ஊரடங்கில் நாடு முழுவதும் என்.டி.சி.யின் 23 மில்கள் நின்றன. தமிழ்நாட்டில் 7. அதில் 5 கோவையில்: பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், அப்புறம் எல்லோரும் ஸ்டேன்ஸ் மில் என்று சொல்கிற கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங். திரும்ப ஓட்ட முடியும் என்றால் ஓட்டுங்கள், தொழிற்சங்கங்கள் கேட்பது அதைத்தான், அது நியாயமான கோரிக்கை, அதற்குக் குறுக்கே இந்தக் கடிதம் நிற்காது. ஆனால் டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொள்வதும், உங்கள் காகிதங்களில் யாரும் வெளிப்படையாக எழுதாததும் வேறொன்று: இந்த நிலம் யாருக்குப் போகப்போகிறது?

அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது. அந்த ரோட்டை ஒட்டி ஒரு மில் வளாகம் பூட்டிக் கிடந்தால் யார் கண்ணெல்லாம் அதன்மேல் இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மும்பையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கேயும் என்.டி.சி.தான் பெரிய நில உரிமையாளர், அதனால் அது உங்களுக்கு வேற்று ஊர்க் கதை இல்லை. மும்பையின் மில் பகுதியில் 58 மில்கள், சுமார் 600 ஏக்கர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படுத்தன. 1991இல் மாநில அரசு ஒரு விதி போட்டது. மில் நிலத்தைக் கட்டுமானத்துக்குத் திறந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் மைதானமும் அமைக்க, ஒரு பங்கு அரசு வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. உரிமையாளர்கள் பத்து வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், சிலர் மட்டும் மில்லுக்குள்ளேயே பௌலிங் விளையாட்டுக்கூடம் என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல மாலாக மாற்றினார்கள்.

பிறகு 2001இல் விதி திருத்தப்பட்டது. பங்கு பிரிப்பது மொத்த நிலத்துக்கு இல்லையாம், ஏற்கெனவே கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும்தானாம். மில் என்றால் என்ன? சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஷெட். காலி இடம் என்று பார்த்தால் லாரி திரும்புகிற முற்றமும் தண்ணீர்த் தொட்டியும்தான். ஆக, பழைய கட்டடம் நின்ற நிலம் கணக்கில் வராது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு டவர் கட்டினாலும் வராது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005இல் இதை ஏற்கவில்லை, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது, அத்தோடு கதை முடிந்தது. ஒரு நகரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பூங்காக்கள் ஒரு திருத்தத்தில் போய்விட்டன.

பணமாவது வந்ததா? 2005இல் என்.டி.சி. மும்பை டெக்ஸ்டைல் மில்லை டி.எல்.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 702 கோடிக்கு விற்றது. அப்போது அது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அந்த நிறுவனம் அதே நிலத்தை 2012இல் லோதா நிறுவனத்துக்குக் கைமாற்றியது சுமார் 2,700 கோடிக்கு. இடையில் அங்கே யாரும் ஒரு பாவு நூல்கூட நூற்கவில்லை. நிலம் விற்ற காசில் மற்ற மில்களை நவீனமாக்கினோம் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், ஆக்கினீர்கள். அப்படி நவீனமாக்கிய மில்களும் சேர்ந்துதானே 2020இல் பூட்டப்பட்டன?

தொழிலாளிகளுக்கு வீடு என்ற வாக்குறுதி என்ன ஆனது என்றால், முதல் பெரிய குலுக்கல் 2012இல் நடந்தது, 6,925 வீடுகள். விண்ணப்பித்தவர்கள் லட்சத்துக்கும் மேல். இப்போது மீதிப் பேருக்கு ஷேலு, வாங்கணி என்று கர்ஜத் ரயில் பாதையில் ஊருக்கு வெகு தூரத்தில் இடம் காட்டுகிறார்கள். நகரத்தின் நடுவில் முப்பது வருஷம் வேலை செய்தவருக்கு நகரத்துக்கு வெளியே ஒரு சாவி.

சரி, அது மகாராஷ்டிரா, இங்கே நம் சட்டம் வேறு என்று தமிழ்நாட்டு அதிகாரிகள் சொல்லலாம். நம் சட்டம் என்ன தருகிறது? 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தர வேண்டும். அவ்வளவுதான். ஒரு தனியார் தன் சொந்தக் காசில் வாங்கிய தோட்டத்தில் கட்டினாலும் அதே 10 சதவீதம், 1974இல் பாராளுமன்றச் சட்டம் போட்டு, 103 நலிந்த மில்களோடு பொதுப்பணத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலமானாலும் அதே 10 சதவீதம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. தனிப்பட்ட விதி இப்போதே எழுதப்படாவிட்டால், ஏலம் முடிந்த பிறகு கோவைக்குக் கிடைப்பது அந்தப் பத்துதான், அதுவும் வளாகத்தின் பின்பக்க மூலையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில்.

எனவே முதல் கோரிக்கை: குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மொத்த நிலத்தின்மேல் கணக்கிட்டு, கட்டடம் உள்ளதா காலியா என்ற பேச்சே இல்லாமல், டெண்டர் அறிவிப்புக்கு முன்பே அரசாணையாக வர வேண்டும். விற்பதைவிட நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது நல்லது என்பது என் எண்ணம், 702 கோடி 2,700 கோடியானதைப் பார்த்த பிறகு உங்கள் எண்ணமும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்.

இனி அந்தக் கட்டடங்கள். "பழைய கட்டடம், ஆபத்தான நிலை, இடித்தே ஆக வேண்டும்" என்று ஒரு பொறியாளர் சான்றிதழ் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். தயவுசெய்து அதை நம்பி இறங்காதீர்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் அந்தக் கூரை எதற்கு? கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்க்கும். நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் நாள் முழுவதும் சீராக வரும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் செய்த ஏற்பாடு. உள்ளே தடுப்புச்சுவர் கிடையாது, வரிசையாகத் தூண்கள், அதிரும் எந்திரங்களை ராப்பகலாகத் தாங்கிய தரை. இன்றைக்கு இப்படி ஒரு கூடம் கட்ட எவ்வளவு ஆகும் என்று உங்கள் எஸ்டிமேட் போடுபவரையே கேளுங்கள்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. நூற்புக்கு ஈரப்பதம் வேண்டும் என்பதால் ஜன்னல் குறைவு. ஆள் புழங்க வேண்டுமென்றால் சுவரைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடங்களில் அதைப் பிரித்தெடுப்பது தனி வேலை, கூலிக்காரரை ஏற்றிச் சுத்தியலால் தட்டிவிடக் கூடாது. தீயணைப்பு வழி மிக முக்கியம். மும்பை கமலா மில் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 அன்று மொட்டைமாடி மதுக்கூடங்களில் பிடித்த தீயில் 14 பேர் செத்தார்கள். பழைய மில்லை அழகான வாடகை இடமாக்கி, பாதுகாப்பை மட்டும் விட்டுவிட்டால் அதுதான் கதி. இதற்கெல்லாம் ஆள் தேட எங்கேயும் போக வேண்டாம், ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக் என்ற பொறியியல் கல்லூரிகள் இதே ஊரில்தான் இருக்கின்றன. மாணவர்களையும் பேராசிரியர்களையும் வைத்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் உறுதித்தன்மை ஆய்வு செய்து அறிக்கையை வெளியிடுங்கள்.

பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரில் ஒரு பழைய இரும்புப் பீப்பாய் தொழிற்சாலை இருந்தது. இடிக்கத்தான் திட்டம். லினா போ பார்டி என்ற கட்டடக்கலைஞர் 1976இல் முதலில் போய்ப் பார்த்தார், பிறகு ஒரு சனிக்கிழமை மறுபடி போனபோது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏற்கெனவே உள்ளே புழங்கிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஷெட்டை அப்படியே வைத்துக்கொண்டு நூலகம், நாடகக் கூடம், பட்டறை, மலிவான உணவகம் என்று அமைத்தார். 1982இல் திறந்தது, செஸ்க் பொம்பேயா என்று பெயர், இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. நடத்தும் செலவுக்கு வணிக நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்மேல் ஒரு சிறு வரி. அங்கே வேலை பார்ப்பவர்களின் முதலாளிகள் கட்டுகிற காசு.

கோவைக்கு என்ன தேவை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் இரண்டை அழுத்திச் சொல்வேன். ஒன்று, லேத் பட்டறைகள். ஜாப் ஆர்டர் எடுத்துப் பம்பு உதிரிபாகமும் கிரைண்டர் பாகமும் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்கள் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் நசுங்குகிறார்கள்; ஒரு மில் ஷெட்டை அளவாகப் பிரித்து நியாயமான வாடகைக்குத் தந்தால், எந்திரத்துக்காகவே கட்டிய கட்டடத்தில் மறுபடி எந்திரம் ஓடும். மில்லில் வேலை இழந்தவரின் பிள்ளைக்கு அதே காம்பவுண்டுக்குள் வேலை கிடைக்கலாம், மாலில் செக்யூரிட்டி வேலை தவிர வேறு ஏதாவது. இரண்டாவது, கல்யாண மண்டபம். சிரிக்காதீர்கள். லைன் வீட்டில் இருக்கிற ஒரு குடும்பம் ஒரு நாள் மண்டபத்துக்காக வாங்கும் கடனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மாநகராட்சியின் சமுதாயக்கூடம் ஒன்று புளியகுளத்துக்கும் ஒண்டிப்புதூருக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நூலகம், மைதானம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி இவையெல்லாம் யாரும் சொல்லாமலே உங்கள் பட்டியலில் வந்துவிடும்.

மால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரூக்பாண்ட் தொழிற்சாலை இருந்த இடத்தில் வந்த மாலுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவன்தான் நானும். மீதி மூன்றில் இரண்டு பங்கில் என்ன வேண்டுமானாலும் கட்டட்டும், லாபம் பார்க்கட்டும், அந்த லாபத்தில்தான் ஷெட்டுகளைப் பழுதுபார்க்கும் செலவே வர வேண்டும், அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆனால் புகைபோக்கியை மட்டும் நிற்க வைத்து, அதற்கு விளக்குப் போட்டு, "மரபைக் காத்தோம்" என்று திறப்புவிழா வைத்துவிடாதீர்கள். மும்பை ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி இன்றும் மாலுக்கு நடுவில் நிற்கிறது, செல்ஃபிக்கு நன்றாக இருக்கும். 1946 ஜனவரி 8 அன்று தொழிற்சங்கப் போராட்டத்தையொட்டிய கொலை வழக்கில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள். அந்த வளாகத்தில் மரபு என்று எதையாவது காப்பதாக இருந்தால் அவர்களிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இறுதியாக, உடனே செய்யக்கூடியது ஒன்று. இதற்கு நிதி தேவையில்லை, அமைச்சரவை ஒப்புதல் தேவையில்லை. ஐந்து மில்களுக்கும் சர்வே எண், மொத்த ஏக்கர், எந்தெந்தக் கட்டடம் எந்த வருஷத்தது, எதில் வழக்கு, தொழிலாளிகளுக்கு எவ்வளவு பாக்கி என்ற விவரத்தை ஒரு வரைபடத்தோடு தமிழில் அச்சிட்டு அந்தந்த வார்டு அலுவலகத்திலும் மில் கேட்டிலும் ஒட்டுங்கள். பாக்கியைத் தீர்க்கும் தேதியையும் சேர்த்து. அதன் பிறகு அறுபது நாள் கழித்து வார்டு வாரியாகக் கூட்டம் போடுங்கள், தொழிற்சங்கத்தையும் கூப்பிடுங்கள், பட்டறைக்காரர்களையும் கூப்பிடுங்கள், லைன் வீட்டுப் பெண்கள் வரக்கூடிய நேரமாக, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள். பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கோவைவாசி ஒருவன்