மகளுக்கு: முதல் தவணைக்கு முன்னம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

திருக்கோவில் பக்கம் சங்கீத வகுப்பை நீ பொறுப்பெடுக்கப் போகிறாய். ஆறாம் தரத்துப் பிள்ளைகள் முதல் நாளே கொப்பியும் பேனையுமாக வந்து குந்துவார்கள். இரண்டு கிழமைக்குக் கொப்பியைத் திறக்க விடாதே. எழுதிப் பழகின பிள்ளை கண்ணால்தான் பாடும், காது வேலை செய்யாது.

பிள்ளைகள் சேர்ந்து பாட ஒலிக்கிற ஆதார சுருதியை ஐந்தரைக் கட்டை உயரத்தில் (G#) வை. உன் குரலுக்கும் அது பொருந்தும், குரல் உடையாத பிள்ளைகளும் மேல் ஸட்ஜம் ('ஸ') வரை நெரிக்காமல் போவார்கள். போனில் சுருதி போடுவதென்றால் ஒரு ஸ்பீக்கரில் கொழுவு. போனின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஸட்ஜம் சரியாக எழும்பாது, பஞ்சமம் ('ப') தான் முந்திக் கேட்கும். பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டு, 'ஸ' என்று சொல்லிக்கொண்டே 'ப' பாடும். அந்தப் பிள்ளையைப் பிழை என்று இருத்திவிடாதே மகள். அது பாடுகிற இடத்துக்கு நீ போய், அதோடு சேர்ந்து பாடி, மெல்ல ஸட்ஜத்துக்கு இறக்கிக் கொண்டு வா. முதலில் வாயை மூடி 'ம்', பிறகு 'ஆ', அதற்குப் பிறகுதான் 'ஸ'. கத்துகிற பிள்ளைக்குச் சுருதி கேட்காது. ஆனபடியால் சத்தத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம்.

முதலில் பழக்குகிற மாயாமாளவகௌளை ராகத்தில் பிழைக்கிற இடம் ரிஷபம் ('ரி'). சுத்த ரிஷபம் ஸட்ஜத்துக்கு அடுத்த அரைச்சுரம். அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு ('க') மூன்று அரைச்சுரம் தாண்ட வேணும். அந்தத் தாண்டலுக்குப் பயந்து பிள்ளைகள் ரிஷபத்தை மேலே தூக்கிவிடுவார்கள், அது ஒரு அரைச்சுரம் கூடின சதுஸ்ருதி ரிஷபமாகிவிடும். 'ஸ ரி ஸ' மட்டும் பத்துத் தரம், பிறகு 'ஸ ரி க ம' என்று பிடி. அது நின்றால் 'ப த நி ஸ்' தானாக வரும், இடைவெளிகள் அச்சொட்டாக அதேதான்.

ஆதி தாளத்தில் கை எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், என்றதும் பிள்ளைகள் கையை ஓட்டுவார்கள். கை அப்படியே இருக்க வேணும், சுரம்தான் இரட்டிக்க வேணும். ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, முதற்காலத்தில் 8 சுரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை வைத்தால் மூன்றாம் காலத்தில் செக்கனுக்கு 4 சுரம், அது ஏலும். 80 வைத்தால் ஐந்தையும் தாண்டும், எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

கூத்து ஆடுகிற ஊர்ப் பிள்ளைகள் உன் வகுப்பிலும் இருப்பார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சுரப்பெயர் தெரியாவிட்டாலும் காலம் பிசகாது. தாளம் போடுகிற பொறுப்பை அவர்களிடம் கொடு. வடமோடி, தென்மோடிக் கூத்து தெரிந்த பிள்ளையைச் சங்கீதம் தெரியாத பிள்ளை என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியாது. நீ பஸ்ஸில் கடந்து போகிற காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையைத் தேடி எழுதிய யாழ் நூல் 1947இல் வந்தது. இந்தக் கரைப் பிள்ளைகள் அதைத் தெரிந்திருக்க வேணும்.

எட்டாம், ஒன்பதாம் தரத்துப் பொடியன்மாருக்குக் குரல் உடையும். எட்டாத சுரத்துக்கு வற்புறுத்தாதே. எட்டுகிற நாலைந்து சுரத்தோடு விடு, குரல் இறங்கி நின்ற பிறகு அவர்களுக்கு வேறு கட்டை பார்.

வாத்தியங்களை லீவு முடிய முன்னமே திறந்து பார். மாரியில் வயலினின் தந்தி முறுக்குகிற பிரடைகள் ஊதி இறுகும், வறண்ட கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சோக்குத்தூள், இறுகினால் கழற்றிக் காய்ந்த சவர்க்காரம் தடவு. நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, தந்திகளைத் தாங்குகிற குதிரை விழுந்தால் உள்ளே நிற்கிற குச்சியும் சாயும். உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், வாசித்து முடிய உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லு. மிருதங்கத் தோல் மழையில் தளர்ந்து சுருதி இறங்கும். அதற்காக வெயிலில் வைத்துவிடாதே, தோல் வெடிக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பின ரவையை அன்றன்றே வழித்து எடு, விட்டால் பூஞ்சணமும் கரப்பானும் வரும்.

பழைய சுருதிப்பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். கரண்ட் நின்றால் உதவும். வருகிற ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா