அம்மாவுக்கு, வேல்ஸிலிருந்து

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்க கடிதமும், தங்கச்சி உள்ளே வச்சு அனுப்புன குருத்தோலைச் சிலுவையும் கிடைச்சுது. போன்ல கேக்காததை எல்லாம் கடிதத்துல கேட்டுட்டீங்க.

குளிர் ஒண்ணும் அவ்வளவு இல்ல. ஹீட்டர் இருக்கு, போடத்தான் தோணல. ரெண்டு போர்வையே போதுது. சாப்பாடும் பரவாயில்ல. இங்க மீனுக்கு முள்ளும் கிடையாது, தலையும் கிடையாது. என்ன மீன்னு தெரியாமலே குழம்பு வச்சுக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர் நல்லா இருக்கார். இந்த நாட்டுல ஆளைவிட ஆடு கிட்டத்தட்ட 3 மடங்கு. அவர்கிட்டயும் ஒரு மந்தை. நம்ம ஆடு மேய்க்கிற கீதாரிங்க போல ஊர் ஊராக் கிடை போடுறதில்ல, எல்லாம் வீட்டுக்குப் பின்னாலதான். ஈனுற காலத்துல மனுஷன் படுக்கவே மாட்டார். போன வாரம் ராத்திரி வேலை முடிஞ்சு வந்தவனை டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். வலைக்காரன் மகனுக்குக் கொட்டகையில என்ன வேலைன்னு நினைச்சேன். ஆனா ராயப்பரும், அதான் பேதுருவும், வலைக்காரர்தானே! கரையில மீன் சுட்டுச் சாப்பிட்ட கையோட அவரைத்தான ஆண்டவர் ஆடு மேய்க்கச் சொன்னார்.

ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்திருந்துச்சு. இன்னொரு குட்டிக்குத் தாய் இல்ல. வேத்துக் குட்டியைத் தாயாடு அண்ட விடாது, முட்டித் தள்ளும். கிழவர் செத்த குட்டியோட தோலை உரிச்சு, கால் நுழைய ஓட்டை விட்டு, சட்டை மாதிரி மத்ததுக்கு மாட்டிவிட்டார். தாயாடு வாலடியில மோந்துச்சு, மறுபடி மோந்துச்சு, அப்புறம் காலை ஊணி நின்னு பால் கொடுத்துச்சு. சில நாள் கழிச்சுத் தோலைக் கழட்டிடுவாராம்.

நம்ம கோயில்ல ஆண்டவரை ஆடு மேய்க்கிறவரா வரைஞ்ச நல்லாயன் படத்துல அங்கி எவ்வளவு வெள்ளையா இருக்கும்! எனக்கு இனி அது பத்தாது. "நல்ல ஆயர் ஆடுகளுக்காகத் தம் உயிரைக் கொடுப்பார்"னு வாசிச்சா, ரத்தமும் சாணியுமா இருந்த கிழவரோட கைதான் வருது. அவர் கோயில் பக்கமே போறதில்ல, அது வேற கதை.

நல்லாயன் ஞாயிறு பூசைக்குப் போனேன், கவலைப்படாதீங்க. தொலைஞ்ச ஒரு ஆட்டுக்காக 99-ஐ விட்டுட்டுப் போறது புத்தியான்னு சாமியார் கேட்டார். எனக்கு அது கேள்வியாவே படல. தங்கச்சிமடத்துல எல்லாப் படகும் வந்து கட்டின பிறகு அப்பா படகை மட்டும் காணாத ராத்திரி, வந்து சேர்ந்த படகுங்க பக்கம் நீங்க திரும்பவே இல்லையே. அந்த இடத்துல நெஞ்சு அடைச்சுக்கிச்சும்மா. அன்னிக்கே ஊருக்கு வந்துரணும் போல இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஜூன் 14-ல மீன்பிடித் தடைக்காலம் முடியுறதுக்குள்ள எஞ்சின் வேலையைப் பாக்கணும்னு அப்பா சொல்றது நியாயம்தான். ஆனா வட்டிக்கு வாங்க வேணாம். இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளித்தான் வரும்; பேங்க்ல ஏதோ மாத்துறாங்களாம், வேற ஒண்ணும் இல்ல. பாம்பன் அத்தை தங்கச்சிக்குச் சொன்ன மாப்பிள்ளை வீட்டை நல்லா விசாரிங்க. தங்கச்சி வாயால சரின்னு சொல்லாம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கக் கொடுத்துடாதீங்க. வீட்டுப் பத்திரத்தை மாமா மறுபடி கேட்டா, பீரோ சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லிடுங்க.

உங்கள் மூத்த மகன்