கம்போடியா கதையும் நம்ம ஊர் வில்லும்

அன்புள்ள இசக்கிக்கு,

உன் மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம், ஆனால் பேத்திக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லையே. இங்கே எல்லாரும் சுகம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது, சித்தாற்றில்தான் இன்னும் தண்ணீரைக் காணோம்.

அப்புறம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படுகொலைக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தாய். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் வில்லுப்பாட்டாகப் போட்டது கம்போடியாவின் ஆர்ன் சோர்ன் பாண்ட் என்ற இசைக்காரர் கதை. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் அங்கே ஆட்சியைப் பிடித்தபோது அவர் சின்னப் பையன். நகரங்களைக் காலி செய்து ஜனங்களை வயல்காட்டுக்குத் துரத்தினார்கள், நாலு வருஷத்துக்குள் பட்டினியிலும் நோயிலும் கொலையிலுமாக 15 லட்சத்துக்கும் மேல் செத்துப்போனார்கள். புத்தர் கோயில் ஒன்றையே முகாமாக்கி, அதில் அடைத்து வைத்த பிள்ளைகளில் இவரும் ஒருத்தர். குழல் ஊதப் படித்துக்கொண்டதால்தான் உயிர் தப்பினார். ஆட்களைக் கொல்லுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அவர்களை வாசிக்கச் சொல்வார்களாம். பிறகு அமெரிக்காவில் வளர்ந்து, ஊர் திரும்பி, உயிரோடு மிஞ்சிய பழைய வித்வான்களைத் தேடிப் பிடித்து இளசுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். குழலைக் கையில் வைத்துக்கொண்டே தன் கதையைப் பிள்ளைகள் முன்னால் சொல்லவும் செய்கிறார்.

நாடகமாகப் போடலாம், சிவப்புச் சாயம், மரத்துப்பாக்கி எல்லாம் ஏற்பாடு செய்கிறேன் என்று ஒரு சார் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. துப்பாக்கி பிடிக்கிற வேஷத்துக்குத்தான் பையன்கள் அடித்துக்கொள்வார்கள், செத்தவர்களை யாரும் நினைக்க மாட்டார்கள். வில்லுப்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் யாராகவும் நடிக்க வேண்டாம், முன்னே இருந்து கதை பாடுகிற அண்ணாவி சொல்லச் சொல்லப் பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட்டுக் கூடவே வருவார்கள். அநியாயமாகச் செத்தவர்களைப் பாடுவதுதானே நம்ம ஊர் வில்லு! சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயன் கதையை, மாட்டை மீட்கப் போய் அவன் குத்துப்பட்டுச் சாகிற இடம் வரைக்கும், நாம் விடிய விடிய உட்கார்ந்து கேட்கவில்லையா? சின்னப் பிள்ளைகள் எழுந்து போங்கள் என்று யாரும் விரட்டவில்லையே.

ஒத்திகையில் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். முகாமில் கொல்லுகிற இடம் வந்ததும் பக்கப்பாட்டுப் பையன், "இதுக்கும் ஆமா போடணுமா டீச்சர்?" என்று கேட்டான். என்ன செய்யலாம் என்று அவர்களிடமே விட்டேன். பிள்ளைகள் ரொம்ப நேரம் வாதாடி, அந்த இடத்தில் வில்லைத் தட்டுகிற வீசுகோலும் உடுக்கும் நிற்கட்டும், குழல் மட்டும் கேட்கட்டும் என்று முடிவு செய்தார்கள். விழாவிலும் அப்படியே செய்தார்கள். எத்தனை பாடம் நடத்தினாலும் இந்த அளவுக்கு அவர்களை யோசிக்க வைத்திருக்க முடியாது இசக்கி.

இப்போது கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, "எங்கட அம்மம்மா கதையையும் இப்படிப் பாடலாமா டீச்சர்?" என்று கேட்கிறாள். அந்தப் பாட்டியம்மா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அவர் முழு மனதோடு சம்மதித்தால்தான் தொடுவேன். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதும் அவர் தீர்மானம்தான். அவரை மேடையேற்றி அழ வைக்கிற வேலை மட்டும் நடக்காது.

உங்கள் பெரியப்பா வில்லடித்த ஆள். பாட்டுக் கட்டித் தருவாரா என்று கேட்டு எழுது. ஆடிக் கொடைக்கு வரும்போது ரெண்டு நாள் கூடுதலாக லீவு போடு, அவரையும் கூட்டிக்கொண்டு நாம் முகாமுக்கே போய் அந்தப் பாட்டியம்மாவிடம் பேசுவோம்.

அன்புடன்,
செல்வி